உன் பெயருக்கு மேல் நின்ற எண்கள்

அக்கா,

அத்தான் நேற்று உன் பழைய லப்டொப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "உமக்குத்தான் உது விளங்கும்" என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்சம் சூடேறியதும் விசைப்பலகைக்குள்ளிருந்து மிளகாய்ச் சம்பல் மணந்தது. வலது கையால் இடியப்பம் பிசைந்தபடி இடது கையால் இணையத்தில் போக்கர் சீட்டாடியவளின் கணினி வேறெப்படி மணக்கும்? சாப்பிட்டு முடித்துவிட்டு விளையாடு என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்கிற ஆளா நீ. மூடியைச் சாத்திவிட்டேன். இன்று காலைதான் மறுபடி திறக்கத் துணிவு வந்தது.

ரக்பி உலகக் கோப்பை இங்கே நடந்த வருடத்தில் தொடங்கியது உன் இந்தப் பைத்தியம். ஞாயிறு காலையில் நான் சான்ட்ரிங்ஹாம் கடையில் இடியப்பப் பார்சல் வாங்கிக்கொண்டு லின்ஃபீல்டில் உங்கள் வீட்டுக்கு வருவேன். அத்தான் கோயிலுக்குப் புறப்பட்டிருப்பார். அங்கே யாராவது உன்னை விசாரித்தால், "அவ வீட்டில தியானத்தில இருக்கிறா" என்று கூசாமல் சொல்வார். நீ வெயில் விழும் ஜன்னலோரத்தில் இருந்து உலகத்தோடு சீட்டாடிக்கொண்டிருப்பாய். "இஞ்ச ஞாயிறு விடியக்காலமை எண்டா ஐரோப்பாவில சனி இரவடா. எல்லாரும் வெறியில இருப்பாங்கள். இதைவிட நல்ல நேரம் கிடைக்குமே?" என்பாய். ஒடாஹுஹுவில் மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டோடு நிற்கும் அந்த அம்மாவா இவள் என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும்.

ஆட்டத்தைக் கணக்கெடுக்கிற மென்பொருள் ஒன்றை உன் லப்டொப்பில் போட்டுத் தந்தது நான்தான். ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் அது சேமித்து வைக்கும். மேசையில் இருக்கிற ஒவ்வொருவருடைய பெயருக்கு மேலும் சின்னச் சின்ன எண்களைக் காட்டும். எத்தனை ஆட்டத்தில் இறங்குகிறான், எத்தனை தரம் பந்தயத்தை ஏற்றுகிறான், ஏற்றினால் பயந்து சீட்டைப் போட்டுவிடுகிறானா, எல்லாம் அதில் தெரியும். முகம் தெரியாத அந்த மனிதர்களை நீ எண்களை வைத்தே அளந்தாய். "உவன் அவசரக்குடுக்கை. உவள் பயந்தாங்கொள்ளி. உந்த நோர்வேக்காரனுக்கு இண்டைக்கு வீட்டில ஏதோ பிரச்சினை, வழக்கமா உப்பிடி ஆடமாட்டான்." கடைசியாகச் சொன்ன ரகத்தில் உனக்குக் கொஞ்சம் இரக்கமும் வரும். அவன் இருக்கிற மேசையை விட்டு எழும்பிவிடுவாய்.

அது உன்னையும் கணக்கெடுத்துக்கொண்டுதான் இருந்தது. உன் எண்களைப் பார்த்தால் நீதான் அந்த மேசைகளிலேயே பெரிய கல்லுளிமங்கி. வந்த சீட்டையெல்லாம் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாய். வாழ்க்கையிலும் நீ அப்படித்தானே. நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது, பல வருடம் கழித்துக் காண்கிற தம்பியிடம் நீ சொன்ன ஒரே வார்த்தை, "மெலிஞ்சு போனாய்." பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். எங்கள் வீட்டில் பாசத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. அதிலும் நீ கருங்கல்.

ஒரு குளிர்காலத்தில், வேலை நாளில், மத்தியானம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாய். "என்ர நம்பரை ஒருக்காப் பார். கடைசி ரெண்டு மூண்டு மாசத்தைத் தனியா எடுத்துப் பார்." பார்த்தேன். நீ எல்லா ஆட்டத்திலும் இறங்கிக்கொண்டிருந்தாய். கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமல் பந்தயத்தை ஏற்றிக்கொண்டிருந்தாய். உன் பெயரை மறைத்துக் காட்டியிருந்தால் வேறு யாரோ என்றுதான் சொல்லியிருப்பேன்.

"அலுப்பில ஆடுறாய் போல" என்றேன்.

"அலுப்பெண்டா எனக்குத் தெரியாதே? எனக்கு உள்ளுக்க ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. முந்தி மாதிரித்தான் யோசிக்கிறன் எண்டு நினைக்கிறன். அதுதானடா பயமாக் கிடக்கு. இது நானில்லை."

நீ பயம் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அந்த எண்களை அச்செடுத்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போனோம். நல்ல பெண். உன் வரைபடங்களைப் பொறுமையாகப் பார்த்தாள், உன் கையைப் பிடித்துக்கொண்டாள், சூதாட்டத்திலிருந்து மீள உதவுகிறவர்களின் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தந்தாள். வரும் வழியெல்லாம் நீ சிரித்தாய். கார் நிறுத்துமிடத்தில் கண்ணீர் வரச் சிரித்தாய். "இந்தத் துண்டை அத்தானிட்டைக் காட்டு, பிரேம் போட்டுச் சுவரில கொழுவுவார்" என்றாய். முன்பெல்லாம் நீ அவ்வளவு சத்தமாகச் சிரித்ததேயில்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது. நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் தரம் போனபோது நீ வரைபடத்தைக் கொண்டுபோகவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே "நீங்கள் சரியான அலட்டல்" என்று சொன்னதைச் சொன்னாய். இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரிடமும் சொன்னதில்லை என்றாய். வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு உன்னையே பார்த்தாள். பிறகு படம் எடுத்தார்கள். மூளையின் முன்பக்கத்தில், மனிதர் தன்னைத் தான் அடக்கிக்கொள்கிற இடத்தில், ஒரு கட்டி இருந்தது. உன் நோயை எல்லாருக்கும் முந்திக் கண்டுபிடித்தது அந்தப் பாழாய்ப்போன மென்பொருள்தான். கண்டுபிடித்தும் ஒன்றும் ஆகவில்லையே அக்கா.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு காசில்லாத மேசைகளில் ஆடத் தொடங்கினாய். ஆட்டத்துக்காக இல்லை. "என்ர முகத்தைப் பாத்துச் சொல்லாதை, நீ இரங்கிப் பொய் சொல்லுவாய். நம்பரைப் பாத்துச் சொல்லு. நான் திரும்பி வந்திட்டனோ?" அதுதான் உனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு நாள் இருப்பேன் என்று நீ யாரையும் கேட்கவில்லை. இருக்கிற நாளில் நீயாக இருப்பாயா என்றுதான் கேட்டாய்.

கொஞ்ச நாள் ஆடவிட்டுப் பார்த்தேன். உண்மையைத்தான் சொன்னேன். "இல்லையக்கா. வரேல்லை."

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். பக்கத்து வீட்டில் புல்வெட்டி இரைந்தது. அது ஓய்ந்ததும், "சரி, அப்ப இவளோடையும் பழகு" என்றாய். "இவள் கனநாள் நிக்கமாட்டாள்."

பழகினேன். இந்த அக்கா பாட்டுப் பாடினாள். மருந்து எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அத்தானைக் கோயிலுக்குப் போகவிடாமல் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டாள். ஒரு நாள் நான் உனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே சொன்னாய். "தம்பி, உன்னிலை எனக்குச் சரியான விருப்பமடா. சின்னனிலயிருந்து. நீதான் என்ர முதல் பிள்ளை." "எனக்கும்தானக்கா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

உன்னை வழியனுப்பிய பிறகு, அஸ்தி வாங்கப் போன வழியில், இதை அத்தானிடம் சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். "எனக்கும் சொன்னவா" என்றார். பிறகு, "வீட்டை வந்த நேர்ஸுக்கும் சொன்னவா. பார்சல் கொண்டு வந்த பெடியனுக்கும், உன்னிலை எனக்குச் சரியான விருப்பம் எண்டு சொன்னவா" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு அழுதோம். அத்தான் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து இதுதான் என் நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிறது. சொன்னது நீயா, நோயா? எல்லாருக்கும் சொன்னவள் எனக்கும் சொன்னாளா? இன்று காலை லப்டொப்பில் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன், உன் கடைசி மாதங்களை. கண்டபடி ஏற்றிக்கொண்டே இருந்தாய். வெறுங்கை, வெறுங்கை, மறுபடியும் வெறுங்கை. நிறுத்தத்தான் போனேன். அடுத்த ஆட்டத்தில் அதே மாதிரி ஏற்றினாய், எதிரில் இருந்தவன் உன்னை நம்பாமல் கடைசிவரை வந்தான், சீட்டுகள் திறந்தன. உன் கையில் இரண்டு ஏஸ், இருப்பதிலேயே பெரிய சீட்டு.

எல்லா ஆட்டத்திலும் ஏற்றுகிறவளுக்கும் நல்ல சீட்டு வராமல் போவதில்லை அக்கா. அன்று சீப்போடு நின்றபோது நான் உன்னை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.