இடது காலும் ஆடுற பலகையும்

15 டிசம்பர், திங்கள்

விடியக்காலையிலேர்ந்து மழை. துணி காயல. வீட்டுக்காரி சரசு ஸ்கூல் கேன்டீன் வேலைக்குக் குடையோட போயிட்டா. வீட்டுல நான், டிவி, ஊன்றுகோல்.

பத்து மணிக்குக் கூரியர்காரன். கேட்டுக்கிட்ட நின்னு மூணு தடவ ஹார்ன் அடிச்சிட்டான். ஹார்ன் அடிக்கிறதுல எனக்கு முப்பது வருஷ சர்வீசு, எங்கிட்டயேவா. அப்புறம் என் காலைப் பாத்துட்டு, "கனம் லா அண்ணே, நானே உள்ள வெச்சிடுறேன்"னான். சரி, நல்ல மனுசன்.

மக கவிதா ஜொகூர்லேர்ந்து அனுப்பின பெட்டி. உள்ள ஆடுற பலகை. மேல ஏறி நின்னு பட்டனை அமுக்குனா உடம்பெல்லாம் குலுங்கும். தசைப்பிடிப்பு விடும், காலுக்குப் பலம் வரும்னு போன்ல சொல்றா. "ஓவரா போவாதீங்கப்பா. ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறுங்க."

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில காலுக்குப் பயிற்சி குடுக்குற பிஸியோ மிஸ்ஸி குடுத்தது. முன்பக்கம் தினம் செஞ்ச எக்சர்சைஸ் எழுதணும், அவங்க பாப்பாங்க. பின்பக்கம் என்னோடது.

நெலவரம்: ஆகஸ்டுல ஸ்கூல் பஸ்ஸைக் கழுவுறப்ப சோப்புத் தண்ணியில வழுக்கி விழுந்தேன். இடது தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. உள்ளுக்குக் கம்பி. நாலு மாசமா பஸ்ஸை ஓட்டுறது ரவி, சரசோட தம்பி. புது வருஷப் பள்ளி தொறக்குறது ஜனவரி 12. அதுக்குள்ள இந்தக் கால் கிளச்சு மிதிக்கணும். பழைய பஸ்ஸு, கிளச்சு கல்லாட்டம் இருக்கும். மிதிக்க முடியலன்னா பஸ்ஸு முதலாளி தவுக்கே வேற டிரைவர் போட்டுருவார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

16 டிசம்பர், செவ்வாய்

மழை இல்ல. புழுக்கம்.

எழுதவே வெக்கமா இருக்கு. யாரு பாக்கப் போறா, எழுதிடுறேன்.

எலுமிச்சம்பழம் நசுக்காம நான் ஒரு வண்டியும் எடுத்தது கிடையாது. லாரி, பஸ்ஸு, மகளோட மைவி காரு கூட. இதுவும் ஏறி ஓட்டுறதுதானே. சரசு சந்தனம் குங்குமம் வெச்சா, சூடம் காட்டினா. பலகைக்கு அடியில நாலு ரப்பர் கால். நாலுக்கும் நாலு பழம் வெச்சேன். ஏறி நின்னேன், நசுங்கல. சரி, மெஷின் ஓடுனா நசுங்கும்னு பட்டனை அமுக்கினேன்.

நசுங்குச்சு. மூணு. நாலாவது உருண்டு சோபாவுக்கு அடியில போயிருச்சு. மார்பிள் தரையெல்லாம் சாறு. பலகை என்னையும் ஏத்திக்கிட்டு டிவியைப் பாத்து நகர ஆரம்பிச்சிருச்சு. பிரேக்குன்னு ஒண்ணு அதுல இல்ல. ஜன்னல் திரையைப் பிடிச்சேன். திரை, கம்பி, ஆணி எல்லாம் என் தலையில.

"தரை சரியில்ல"ன்னேன்.

சரசு தரையில உக்காந்துட்டா சிரிச்சி சிரிச்சி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. நான் விழுந்ததுலேர்ந்து அவ இப்படிச் சிரிச்சி இப்பதான் பாக்குறேன். எனக்கும் அடி இல்ல.

18 டிசம்பர், வியாழன்

ரப்பர் காலைச் சோப்புப் போட்டுத் தொடச்சாச்சு. இப்ப அசையாம நிக்குது. நம்பர் 1லேர்ந்து 99 வரைக்கும் இருக்கு. இருபதுல வெச்சி பத்து நிமிசம். மூக்கு அரிக்குது, பல்லு தந்தியடிக்குது. இறங்குனதும் கெண்டைக்கால் இறுக்கம் விட்டு லேசா இருக்கு. பொய் இல்ல.

ஆஸ்பத்திரியில கேக்கல. அடுத்த வாரம் எப்படியும் போவணும், அப்ப சொல்லிக்கலாம்.

செவுத்துக்கு அந்தாண்ட பக்கத்து வீட்டுப் பேச்சு:
"என்னா சத்தம்?"
"மாவு மெஷின் போட்டிருக்காங்க போல."
"அரிசி எடுத்துட்டுப் போலாமா?"

20 டிசம்பர், சனி

ஸ்கூல் லீவு ஆரம்பம். சாயங்காலம் ரவி பஸ்ஸைப் பட்டறையில விட்டுட்டு வந்தான். அவனுக்குத் தெலுக் இந்தான் பக்கம் செம்பனை லாரி வேலை வந்திருக்கு. ஜனவரியில சேரணுமாம். "நீங்க வந்துருவீங்கதானே மச்சான்?" வந்துருவேன்னேன்.

அவன் போனதும் நம்பரை அறுபதுக்கு ஏத்தினேன். அரை மணி நேரம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்ன இன்னொரு அரை மணி. ஹைவேயில போனா சீக்கிரம் போய்ச் சேரலாம்ல.

22 டிசம்பர், திங்கள்

கால் வீங்கிருச்சு. தொடையில குடைச்சல். சாரத்தை இறக்கிக் கட்டி மறைச்சேன். சரசு கேன்டீன் லீவு, வீட்டுலதான் இருந்தா. கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆவல.

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"
"பத்து நிமிசம்."
"என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."
"அறுபது."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னா. ஐஸ் கட்டியைத் துண்டுல சுத்திக் குடுத்தா. அவ திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பயமா இருக்கு. கம்பி நகந்திருக்குமோ. நானே கெடுத்துக்கிட்டேனோ.

23 டிசம்பர், செவ்வாய்

ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுக்க ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம். கம்பி அப்படியே இருக்கு, எலும்பு கூடியிருக்குன்னு டாக்டர் சொன்னார். சரசு என் கையை விட்டா. அப்பதான் பிடிச்சிருந்தான்னே தெரிஞ்சுது.

பிஸியோ மிஸ்ஸி மலாய்க்காரப் பொண்ணு, கவிதா வயசு இருக்கும். குட்டையா, கோவம் நெறைய. கால்ல கம்பி வெச்சவங்க கேக்காம இந்த மெஷின்ல ஏறலாமான்னு கேட்டாங்க. நான் ஹைவே கதையைச் சொன்னேன். சிரிக்கல. "பாக்சிக், பெலான் பெலான்"னாங்க, மாமா, மெதுவா மெதுவான்னு. வீக்கம் வத்துற வரைக்கும் பலகை கிடையாது. டாக்டர்கிட்ட பேசிட்டு வந்து அப்புறம் இப்படின்னாங்க:

– நம்பர் எட்டு. அதுக்கு மேல தொடக்கூடாது
– பத்து நிமிசம், ஒரு நாளைக்கு ஒரு தடவ
– முட்டி லேசா மடங்கி இருக்கணும், விறைச்சி நின்னா தலைக்கு ஏறும்
– கைக்குப் பிடிமானம்
– வலிச்சா இறங்கணும்

பலகை தசையை இளக்கும், கொஞ்சம் முழிக்க வைக்கும், அவ்ளோதானாம். பலம் வேணும்னா நாற்காலியில உக்காந்து எழுந்திரிக்கணும். தினம் முப்பது தடவ. அப்புறம் அவங்க உள்ளங்கையை என் பாதத்துல வெச்சி, "தள்ளுங்க"ன்னாங்க. தள்ளினேன். "போன மாசத்துக்கு இப்ப பரவால்ல." அதை ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

29 டிசம்பர், திங்கள்

வீக்கம் வத்தி ரெண்டு நாளாச்சு. நம்பர் எட்டு. சாமி சத்தியமா எட்டுதான்.

மதியம் தவுக்கே வந்தார். அவரும் அறுபத்தஞ்சைத் தாண்டிட்டார், ரெண்டு முட்டியும் மக்கர். கையில ஆரஞ்சு, மூஞ்சியில சங்கடம். எதுக்கு வந்தார்னு எனக்குத் தெரியும். பேச்சை ஆரம்பிக்க முடியாம வீட்டைச் சுத்திப் பாத்தவர் கண்ணுல பலகை பட்டிருச்சு.

"இது என்னா?"
"ஏறிப் பாருங்க தவுக்கே."

செருப்பைக் கழட்டிட்டு ஏறினார். எட்டுல போட்டேன். கண்ணை மூடிக்கிட்டார். வந்த விசயம் அங்கேர்ந்தே வந்துச்சு, மலாய்ல, நடுங்கி நடுங்கி. "மு-மு-முனி, பு-புது டிரைவர் ஒ-ஒருத்தன் கே-கேட்டு வந்திருக்கான்." சரசு அடுப்படிக்கு ஓடிட்டா. சிரிக்கவா அழவான்னு எனக்கும் தெரியல.

இறங்குனதும் முட்டியைத் தடவிக்கிட்டே சொன்னார். ஏழாம் தேதி பஸ்ஸைக் கொண்டு வருவாராம். நான் ஓட்டிக் காட்டணும். போலே, முடியும்னா நான், இல்லன்னா அந்த ஆள். போறப்ப பலகை எங்க வாங்குனதுன்னு கேட்டார்.

2 ஜனவரி, வெள்ளி

வெயில். உக்காந்து எழுந்திரிக்கிறது இருபத்தெட்டு. கோல் இல்லாம கேட்டு வரைக்கும் போயி வந்தேன். பேப்பர் எடுக்கத்தான். பேப்பரைக் கேட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன், திரும்பவும் போனேன்.

சரசு இப்ப என் பத்து நிமிசம் முடிஞ்சதும் அவ ஏறிக்கிறா. முன்னூறு பிள்ளைக்கு மீ கோரேங் நூடுல்ஸ் கிண்டுற தோள் அவளுக்கு. "நல்லாத்தாங்க இருக்கு." நான் நாற்காலியில உக்காந்து நேரம் பாக்குறேன். பத்து நிமிசத்துக்கு அவளைப் பேசாம இருக்க வெச்ச முதல் மெஷின்.

5 ஜனவரி, திங்கள்

முப்பது.

7 ஜனவரி, புதன்

தூறல். தவுக்கே, ரவி, பஸ்ஸு. படி மூணும் ஏறினேன், கம்பியைப் பிடிச்சிதான். சீட்டு ரவிக்குத் தோதா பின்னால போயிருந்துச்சு, முன்னால இழுத்தேன். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவ தள்ளி இழுத்தேன்.

கிளச்சு அமுங்குச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு கியர். எங்க வீடு இருக்கிற தாமானைச் சுத்தி, செமோர் பாசார் ரோட்டுல போயி, திரும்பி. எல்லாம் சரி. திரும்புறப்ப மேட்டு டிராபிக் லைட்டு சிவப்பு. பாதி கிளச்சுல பிடிச்சேன். முட்டிக்குக் கீழ நடுக்கம். பஸ்ஸு ஒரு முழம் பின்னால போச்சு. பின்னால வண்டி இல்ல. பச்சை விழுந்துச்சு, எடுத்துட்டேன்.

தவுக்கே போன்ல பேசிக்கிட்டு இருந்தார், பாக்கல. "போலே லா முனி. திங்கக்கிழம வந்துரு."

சரசு பாயசம் வெச்சா. கவிதாவுக்கு வீடியோ கால். அவ கைதட்டுறா. நான் ஒரு கரண்டிக்கு மேல குடிக்கல. இனிப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டேன்.

8 ஜனவரி, வியாழன்

தூக்கம் சரியில்ல. எனக்கும் எனக்கும் சண்டை.

ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கலாம். முப்பது வருஷ டிரைவருக்கு அது தெரியாதா. ஒரு தடவதானே ஆடுச்சு. ஒரு முழம்தானே. இன்னும் நாலு நாள் இருக்கு, பலம் வந்துரும்.

மழை பேஞ்சா? பிரேக்கும் கிளச்சும் ஒரே நேரத்துல வேணும்னா? காலையில அந்த மேட்டுல மோட்டார் சைக்கிளெல்லாம் பஸ்ஸை ஒட்டி நிக்கும். உள்ள நாப்பது பிள்ளைங்க. நாப்பது வீட்டுலயும் என்னை நம்பித்தான் கதவைத் திறந்து விடுறாங்க.

ரவியைக் கேட்டேன், அன்னிக்குப் பின் சீட்டுல இருந்தானே, பாத்தியான்னு. "பாத்தேன் மச்சான். நீங்க சொல்லுவீங்கன்னு சும்மா இருந்தேன்."

9 ஜனவரி, வெள்ளி

தவுக்கேக்கு நானே போன் போட்டேன். கால் ஆடுச்சு, பஸ்ஸு பின்னால போச்சு, திங்கக்கிழம என்னால முடியாதுன்னேன். "நாளைக்கு வாரேன்"னு வெச்சிட்டார்.

சரசுகிட்ட சொன்னேன். "பாயசத்தைக் குடிக்காம வெச்சப்பவே தெரியும்"னா. அழுதேன். அவ பக்கத்துல உக்காந்திருந்தா. வேலை போனா போவுது. பொய் சொல்லி அந்த சீட்டுல உக்கார முடியல.

10 ஜனவரி, சனி

தவுக்கே வந்தார். இந்தத் தடவ நாற்காலியில உக்காந்து நேரா பேசினார். புது ஆளை வேணாம்னு சொல்லிட்டாராம். "ஆடுச்சுன்னு சொல்ற டிரைவர் எனக்குக் கெடைக்க மாட்டான்"னார். சீனப் பெருநாள் முடியுற வரைக்கும் ரவி ஓட்டணும். நான் முன் சீட்டுல உக்காந்து பிள்ளைங்களை ஏத்தி இறக்கணும். பெருநாள் முடிஞ்சதும் திரும்ப ஓட்டிக் காட்டணும், இந்தத் தடவ மேட்டுலயே.

அவர் கூட வந்திருந்த ரவியைப் பாத்தேன். தெலுக் இந்தான் லாரி? "லாரி எங்க மச்சான் ஓடிப்போவுது. லாரிக்கார அண்ணன்கிட்ட பேசிட்டேன், பிப்ரவரி கடைசியில வாரேன்னு."

சாப்டுட்டுப் போடான்னேன்.

12 ஜனவரி, திங்கள்

அஞ்சு மணிக்கு எழுந்தாச்சு. நம்பர் எட்டு, பத்து நிமிசம். சட்டையை சரசு தேச்சி வெச்சிருந்தா.

பிள்ளைங்க கூட்டம். "அங்கிள் வந்துட்டாரு"ன்னு ஒரே இரைச்சல். ஒண்ணாம் வகுப்புக்குப் புதுசா மூணு பேர், மூணும் அழுகை. போன வருஷம் நான் விழுற வரைக்கும் என்னைப் படுத்தி எடுத்த ரெண்டாம் வகுப்பு வாயாடி ஒருத்தி, "அங்கிள், நீங்க தப்பான சீட்டுல உக்காந்திருக்கீங்க"ன்னா. ஒரு மாசத்துக்கு இதுதான் என் சீட்டுன்னேன். "அப்புறம்?"னா. அப்புறம் அதுன்னு டிரைவர் சீட்டைக் காட்டினேன். சரின்னு போயிட்டா.

எல்லாரையும் இறக்கிட்டு பஸ்ஸைப் பட்டறையில நிறுத்தினோம். இஞ்சின் ஆஃப். ரவி தே தண்ணி வாங்கக் கடைக்குப் போனான். நான் எழுந்து அந்தப் பக்கம் மாறி உக்காந்து கிளச்சை மிதிச்சேன். பாதியில பிடிச்சி, பத்து எண்ணி, விட்டு. திரும்ப. மொத்தம் பத்து தடவன்னு கணக்கு. ஆறாவது தடவ லேசா ஆடுச்சு. ஏழாவது ஆடல.

ரவி ரெண்டு கையிலயும் தே பாக்கெட்டோட வந்து படியில நின்னான். பாத்தான். என் சீட்டுல, பிள்ளைங்களை ஏத்தி இறக்குற சீட்டுல, போயி உக்காந்து உறிஞ்ச ஆரம்பிச்சான்.

"தே ஆறுது மச்சான்."

ஆறட்டும்டா, இன்னும் மூணு இருக்குன்னேன்.