தை பிறந்த பிறகும் நடந்தோம்

2-12-88, வெள்ளி

அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நான் பிறந்தபோது அம்மாவின் வயிற்றில் போட்ட தையல் உள்ளே பிரிந்துவிட்டதாம். அதனால்தான் தொப்புளுக்குக் கீழே எலுமிச்சம்பழம்போலப் பிதுங்குகிறது. அம்மா குடம் தூக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தண்ணீர் தூக்கத்தான் நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன்.

டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா இந்த உடம்போட பண்ணா தையல் நிக்காது. எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க."

எப்படி என்று நைனா கேட்டார்.

"வயித்துக்கு பெல்ட் போட்டுக்கிட்டு தினம் நடக்கச் சொல்லுங்க. வாயையும் கொஞ்சம் கட்டணும். குடல் சிக்கிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

பட்டாபிராமுக்கு ரயிலில் திரும்பினோம். வழியெல்லாம் அம்மா முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

6-12-88

அம்மா நடக்க மாட்டேன் என்கிறாள். "கடைக்குப் போனா கடைக்குப் போறான்னு சொல்லுவாங்க. ஒரு வேலயும் இல்லாம ஒரு பொம்பள ரோட்ல போய் வந்துகினு இருந்தா இன்னான்னு நெனப்பாங்க?"

"அப்போ ஊட்டுக்குள்ளயே நட" என்றார் நைனா.

வாசலில் கிளம்பினால் மூச்சு விடுவதற்குள் அடுப்படி வந்துவிடுகிறது. அம்மா இரண்டு தடவை போய் வந்தாள். மூன்றாவது தடவை போனவள் அங்கேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கும் தெருவில் இறங்கக் கூச்சம்தான். யாராவது பேர் கேட்டாலே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். நான் எப்படி அவளைக் குறை சொல்வது?

16-12-88

மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் பெண்கள் தெருவில் போனால் யாரும் ஒன்றும் கேட்காத மாதம்! நம் தெருப் பிள்ளையார் கோயில் வேண்டாம், ரயில் கேட் தாண்டி இருக்கும் பெருமாள் கோயிலுக்குப் போவோம் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஒரே பனி. கால் சில்லிட்டது. போகும்போதும் வரும்போதும் நடைதான்.

24-12-88

ஒரு நாளும் விடவில்லை. முதலில் கேட் அருகில் நின்று மூச்சு வாங்குவாள். இப்போது நிற்பதில்லை.

30-12-88

மணவாளனின் விறகுத் தொட்டிக்குப் போனோம். ஆளை நிறுக்கிற மாதிரி எங்கள் பக்கத்தில் இருப்பது அவன் விறகுக்கடைத் தராசுதான். யாரும் இல்லாத மத்தியான வேளையாகப் பார்த்துப் போனோம். கட்டை வைக்கிற பலகையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மணவாளன் எடைக்கல்லை ஏற்றிக்கொண்டே, "பச்சக் கட்டயா, காஞ்சதாக்கா?" என்றான்.

"எரிச்சிப் பாரு, தெரியும்" என்றாள் அம்மா.

கல் மேலே கல் ஏறியது. ஆஸ்பத்திரியில் சொன்னதைவிட இரண்டு கிலோ கூட.

கூட! எப்படி? இத்தனை நடந்தும்? வீட்டுக்கு வரும்வரை அம்மா அழுதாள். நானும்.

31-12-88

கண்டுபிடித்துவிட்டேன். பொங்கல்.

கோயிலில் தினமும் தரும் வெண்பொங்கல். நெய் விரலில் வழியும். அம்மாவுக்கு ஒரு தொன்னை. எனக்கு மிளகு ஆகாது, என் தொன்னையும் அவளுக்கே. வீட்டுக்கு வந்ததும் நடந்த களைப்புக்கு இட்லி வேறு. நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னேன். "பெருமாள் குடுக்கறத வேணாங்கச் சொல்றியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

1-1-89

பொங்கல் தருகிறவர் பக்தவத்சலம் ஐயா. அவரிடம் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கும்போது மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கிட்டே போனதும் அத்தனையும் மறந்துபோனது. கரண்டி அம்மாவின் தொன்னைக்கு வந்துவிட்டது.

"ஒரு வாய் போதுங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அது கோயில் முழுக்கக் கேட்டுவிட்டது.

"பிரசாதத்துக்குப் போய் அளவு சொல்லுவாளா ஒரு பொண்ணு?" என்றார்.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க. டாக்டர் சொல்லிட்டாங்க."

அவர் அம்மாவின் வயிற்று பெல்ட்டைப் பார்த்தார். நெல்லிக்காய் அளவு வைத்தார்.

அம்மாவுக்குக் கோபம். வழியெல்லாம் என்னை விட்டு வேகமாக நடந்தாள். அதுவும் நல்லதுதான்.

14-1-89

தை பிறந்தது. வீட்டில் சர்க்கரைப் பொங்கல். அம்மா ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஆனால் மார்கழி முடிந்துவிட்டதே. இனி என்ன சொல்லிக்கொண்டு போவது?

17-1-89

மூன்று நாளாக அம்மா எழுந்திருக்கவில்லை. "போதும்டி. நடந்த வரைக்கும் போதும்."

இன்று விடியற்காலையில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கொடலு சிக்கிகினா நான் இன்னாம்மா பண்ணுவேன்? யார்கிட்ட போவேன்?" என்று கத்திவிட்டேன். நைனாகூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா எழுந்து பெல்ட்டைக் கட்டினாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் சுலைமான் பாய் டீக்கடை. சுவரெல்லாம் ஓட்டு விளம்பரம். பெஞ்சில் இருந்த ஒருவர், "இன்னாம்மா, மார்கழிதான் முடிஞ்சி போச்சே, எந்தக் கட்சிக்கு ஓட்டு கேக்கக் கெளம்பிட்டீங்க?" என்றார். பெஞ்சே சிரித்தது.

அம்மா திரும்பிவிட்டாள். "சொன்னேன்ல? வாடி ஊட்டுக்கு."

எனக்கு என்ன ஆயிற்றோ. வாய் தானாகப் பேசுகிறது. "எங்கம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன். ஒடம்பு கொறஞ்சாத்தான் பண்ணுவாங்களாம். அதுக்குத்தான் நடக்கறோம். தெனமும் வருவோம். தெனமும் கேப்பீங்களா?"

சிரிப்பு நின்றது. கேட்டவர் டம்ளருக்குள் பார்த்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த சுலைமான் பாய், "நீ போய்ட்டு வா கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச தூரம் போன பிறகு அம்மா கேட்டாள்: "அது நீயாடி பேசுன?"

நானா? தெரியவில்லை. ஆனால் ராணுவச் சரக்கு ரயிலுக்குத் தண்டவாளம் பிரிகிற மிலிட்டரி சைடிங் வரைக்கும் போய்த்தான் திரும்பினோம்.

18-1-89

போனோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

5-2-89

எதிர்வீட்டு வரலட்சுமி அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் வழிமறித்தாள். "டீக்கடையில போய்க் கத்துனியாமே, வனஜா? ஊமைன்னுல்ல நெனச்சேன் உன்ன!"

எனக்கு முகம் சுட்டது.

"எனக்கும்தான் சக்கர கீது. நடக்கச் சொல்லி வருசக்கணக்காச் சொல்றாங்க. நானும் வரட்டா?"

அம்மா என்னை முந்திக்கொண்டு, "கிண்ணத்த வெச்சிட்டு வா" என்றாள்.

19-2-89

இப்போது அக்காவின் நாத்தனாரும் வருகிறாள். மாமியார் கதை பேசிக்கொண்டு போனால் சைடிங் சீக்கிரம் வந்துவிடுகிறது. நின்று பேச மட்டும் விடமாட்டேன். "அடியே, போலீஸ்காரி வந்துட்டா, நட!" என்கிறார்கள். என்னைத்தான்!

20-3-89

விறகுத் தொட்டி. கடையில் ஆள் இருக்கும்போதே அம்மா போய் உட்கார்ந்தாள். மணவாளன் கல்லை ஒவ்வொன்றாக இறக்கினான். "அக்கோவ், கட்ட காஞ்சிகினு வருது!"

அம்மாவின் ரவிக்கை எல்லாம் தொளதொள. இரண்டைப் பிடித்துத் தைத்தேன்.

28-4-89

ஆஸ்பத்திரி மெஷினில் அம்மாவை ஏற்றினார்கள். டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார், மறுபடியும் முள்ளைப் பார்த்தார். எட்டு கிலோவுக்கு மேலேயே குறைந்திருந்தது.

"பட்டினி கிடந்தீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நைனாவும் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொல்ல வேண்டும்போல. சொன்னேன், பொங்கலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

தேதி கொடுத்துவிட்டார்கள்!

16-5-89

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நைனா வெளியே போய்ப் போய் வருகிறார்.

அதே நாள், சாயந்தரம்

கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். தரக் கூடாதாம். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். தையல் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார் டாக்டரம்மா.

18-5-89

காலையில் நர்ஸம்மா வந்து, ஆபரேஷன் ஆனவர்கள் எல்லாரும் கொஞ்சம் எழுந்து நடக்க வேண்டும் என்றார். வார்டு முழுக்க முனகல். ஒருத்தி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அம்மா என் தோளைப் பிடித்து எழுந்தாள். வலியில் பல்லைக் கடித்தாள். கட்டிலைச் சுற்றி மெதுவாக ஒரு நடை. பிறகு கதவு வரைக்கும். அங்கே என் கையை எடுத்துவிட்டாள்.

"நீ உக்காரு கண்ணு. நான் போய்ட்டு வரேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வராந்தாக் கட்டில்களின் அந்தக் கோடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்கிறது: "இன்னாம்மா இன்னும் படுத்துகினு கீற? எழுந்திரு, என் கையப் புடி."