கேஸ் போயிருச்சு

வியாழக்கிழமை இரவு, ராஜபாளையம்

எங்கள் பழைய காரின் பின்கதவு தூக்கிவிட்டால் நிற்பதில்லை. காலையில் மெக்கானிக் அண்ணன் வந்து, கதவைத் தாங்கும் கம்பிகளை அமுக்கிப் பார்த்தார். "உள்ள இருந்த கேஸ் போயிருச்சு அண்ணாச்சி. இனி எண்ணெய் போட்டுப் பிரயோசனமில்ல. ஒண்ணை மட்டும் மாத்துனா கதவு கோணிக்கிடும், ரெண்டையும் மாத்தணும்" என்று அப்பாவிடம் சொன்னார். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் புறப்பட்டார். இந்த வீடு எங்களுக்கா, பெரியப்பாவுக்கா என்று இன்று தீர்ப்பு. என்னிடம் மட்டும்தான் சொன்னார். அம்மா வழக்கம்போல வாய்தா என்றே நினைத்திருந்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "கேஸ் போயிருச்சு" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். "அதான் அந்தத் தம்பி காலையிலயே சொல்லிட்டாரே! ஒரு கதவுக்குப் போயி எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீய. செத்த உக்காருங்க, காப்பி கொண்டாரேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "ஆமா, ரெண்டையும் மாத்தணுமாம்" என்றார்.

அம்மா இப்போது என் பக்கத்தில் தூங்குகிறாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே தூங்கிவிட்டாள். நாளையும் அப்பா சொல்லாவிட்டால் நான்தான் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை.