ஒரு முழம் இறங்கிய பலகை

என் கண்ணான மகளுக்கு, அப்பா எழுதுவது. அப்பா சொல்லி அம்மா எழுதியதில்லை, அப்பாவே தன் கையால் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். இதை எழுத எனக்கு நாலு நாள் ஆகிறது, நீ நாலு நிமிடத்தில் படித்துவிடாதே. ஐந்து மாதமாக உன் அம்மாதான் எனக்கு வாத்தியார், பிரம்புக்குப் பதில் கரண்டி. அவளுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாத்திரையை நேரத்துக்குப் போடுவதில்லை, போனில் ஒரு அதட்டு போடு.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்னால் நீ லீவில் வந்தபோது, தொழிற்சாலைகளைச் சீராக்குகிற உன் உத்தியோகப்படியே எங்கள் நாற்காலிப் பட்டறையில் இருபது நாள் நின்று, வேண்டாத சாமானை வெளியேற்றி, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு இடம் கொடுத்து, சுவரில் பலகை மாட்டிவிட்டுப் போனாயே, தினமும் காலையில் எல்லாரும் அதன் முன்னால் நின்று வேலை எங்கே தடைப்பட்டது என்று பேசி எழுதணும், தடை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை என்று. நீ விமானம் ஏறின மூன்றாம் மாதமே பழைய குருடி கதவைத் திறடி. மேஸ்திரி மட்டும் எதையோ எழுதுவார், மற்றவர்கள் அதன் ஆணியில் சாப்பாட்டுப் பையை மாட்டுவார்கள். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று போனில் நான் சொன்னது பொய், மன்னித்துக்கொள். போன மாதம் முதலாளி, புதன்கிழமை வந்து பார்ப்பேன், பிரயோஜனம் இல்லையென்றால் கழற்றிவிட்டு அங்கே அலமாரி வைப்பேன் என்றுவிட்டார். என் மகள் மாட்டினதை என் கண் முன்னாலேயே இறக்குவதா.

புதன் காலை முதலாளி வந்தார், பின்னாலேயே ஸ்குரூடிரைவரோடு தச்சர். பலகை முழுக்கப் பச்சை, கிளிக்கூட்டம் உட்கார்ந்த மாதிரி. முதலாளிக்கு முகம் மலர்ந்தது. புதிதாகப் படிக்கக் கற்றவன் வாய் சும்மா இருக்குமா, நாற்காலிச் சக்கரங்கள் வருகிற பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன், திங்கள் பச்சை, செவ்வாய் பச்சை, புதன் பச்சை, வியாழன் பச்சை, வெள்ளி பச்சை. படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது, வியாழனும் வெள்ளியும் இன்னும் வரவேயில்லை. மேஸ்திரி அவசரத்தில் வாரம் முழுக்கப் பச்சையாக்கியிருக்கிறார். மெத்தை தைக்கிற அக்கா, அப்போ நாளைக்கு வேலை முடிஞ்சாச்சு, வீட்டுக்குப் போலாமா என்றாள். மேஸ்திரி என்னைப் பார்த்து, பெரியவரே, இத்தனை வருஷம் படிக்கத் தெரியாம நல்லாத்தானே இருந்தீங்க என்றார். முதலாளி சிரிக்கவில்லை. ஏன் இப்படி என்றதற்கு, சிவப்பு வெச்சா என்னைத்தானே திட்டுறீங்க என்று மேஸ்திரி பட்டென்று சொல்லிவிட்டார். முதலாளி, சரி, திட்டமாட்டேன், யாராவது நிஜத்தை எழுதுங்க என்றார்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பெரிய சக்கரமும் சின்னச் சக்கரமும் ஒரே பெட்டியில் கலந்து வருகிறது, பொறுக்கியே பாதிக் காலை போகிறது என்று எழுதினேன். என் வேகம் தெரியுமே, அதற்குள் பின்னால் நின்றவர்களுக்கு வாய் திறந்துவிட்டது. அக்கா நூல் வராததைச் சொன்னாள், மேஸ்திரியே ஒரு ஸ்பேனர் தன் வீட்டில் இருப்பதை ஒத்துக்கொண்டார். முதலாளி சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார், சாயங்காலத்துக்குள் சக்கரத்துக்கு இரண்டு பெட்டி வந்தது. அன்றிலிருந்து எழுதுகிற வேலை எனக்குத்தான், நான் மெதுவாக எழுதினால்தான் பேச நேரம் கிடைக்கிறதாம். மூன்று வாரமாகத் தினமும் சிவப்பு இருக்கிறது, ஆனால் பழைய சிவப்பு திரும்பி வருவதில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். அன்றைக்குத் தச்சர், கழட்டவா வேணாமா சொல்லுங்க என்று அலுத்துக்கொண்டார். பெட்டிமேல் நின்ற என் காலை முதலாளி பார்த்தார், கழட்டி ஒரு முழம் கீழே மாட்டு என்றார். கோபிக்காதே கண்ணு, நீ அம்மா வழி உயரம், உன் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டிவிட்டாய். இனிப் போகிற இடத்தில் குட்டையான ஆளைக் கூப்பிட்டு நிற்கவைத்து மாட்டு. தீர்க்காயுசாக இருங்கள் இரண்டு பேரும். அம்மாவின் மாத்திரையை மறக்காதே.

கையெழுத்து போடத் தெரிந்த
உன் அப்பா