தொட்டால் பேசும் பெட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகிய கைக்கு இன்று அது வரவில்லை. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழுகிறது. பக்கவாதத்தில் வாய்தான் போனதே தவிர காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது, அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் பரவாயில்லைம்மா, தேறிட்டு வர்றா என்று சொன்னேனே, அது அவள் காதுக்காகச் சொன்னது. உண்மை அப்படி இல்லை. பின்னறையில் என் மேஜையில் வயர்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன், நான் ஏதோ ரிப்பேர் செய்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

வலது கையும் காலும் அசைவில்லாமல் அப்படியேதான் இருக்கின்றன, அதுகூடப் போகட்டும். வார்த்தை எல்லாம் உள்ளேதான் இருக்கு, வெளிய வர்ற வழிதான் அடைபட்டிருக்கு, முதல் சில மாசம் ரொம்ப முக்கியம், முயற்சியை மட்டும் விட்டுடக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். உன் அம்மா விட்டுவிட்டாள். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் பொறுமைசாலி, எவ்வளவோ கெஞ்சிப் பார்க்கிறாள், இவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். முன்பெல்லாம் வேண்டியதைக் கேட்க முடியாத ஆத்திரத்தில் இடது கையால் கட்டிலை அடிப்பாள், அப்போது எனக்கு வேதனையாக இருக்கும். இப்போது அடிப்பதும் இல்லை. அந்தச் சத்தம் வராதா என்று காத்துக்கிடக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

அந்தப் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். படத்தைத் தொட்டால் பேசுகிற மாதிரி ஒன்றைச் செய்து தந்தால் இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்று ஆரம்பித்தேன். கடையில் ரெடியாகக் கிடைக்கிறது, நான் வாங்கி அனுப்புறேன்பா என்று நீ சொன்னாய். அந்த விலைக்கு வீட்டில் பாதியை விற்க வேண்டியிருக்கும் என்று நான் விளையாட்டாகச் சொல்லித் தட்டிக்கழித்தேன். ஆயுசு முழுக்க லிப்ட் ரிப்பேர் பார்த்தவன், எத்தனை மாடிக்குப் பட்டன் போட்டிருக்கிறேன், ஒரு சின்னப் பெட்டி செய்ய மாட்டேனா என்ற திமிரும் அதில் இருந்தது. உள்ளே வைக்கிற சர்க்யூட் போர்டு ஈசியாகக் கிடைத்தது, ஸ்பீக்கர் பழைய ரேடியோவில் இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டச் ஸ்கிரீன்தான் சல்லிசாகக் கிடைக்காமல் என்னை நாய் படாத பாடு படுத்திவிட்டது. பழைய போன்களைப் பிரித்து விற்கிற தெருவில் போய் நின்றேன். அங்கே ஒருவர், காதில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருப்பார், ஒரு டப்பா நிறைய ஸ்கிரீனைக் கவிழ்த்துக் கொட்டி, அள்ளிக்கிட்டுப் போங்க சார், எல்லாம் தங்கம் என்றார். அள்ளிக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு போனின் பட்டை வயரும் ஒவ்வொரு ஜாதி, எந்த முனை எதற்கு என்று அதைச் செய்தவனுக்கே வெளிச்சம், ஒன்றுகூட உயிர் பெறவில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, ஸ்கிரீன் நல்லாத்தான் சார் இருக்கு, போன்தான் உங்ககிட்ட இல்ல என்றார். சிரிப்பதா அழுவதா சொல்லு.

அப்புறம் ஆன்லைனில் மலிவாக ஒன்று வரவழைத்தேன். மேஜையில் கவ்வியில் பிடித்து வைத்துத் தட்டிப் பார்த்தேன், பிரமாதமாக வேலை செய்தது. அம்மா மடியில் வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. அது பிளாஸ்டிக் மேல்தாள் போட்ட ரகம், அழுத்தினால்தான் வேலை செய்யும். அழுத்தினால் பெட்டி போர்வையில் வழுக்கிக்கொண்டு போகிறது, பிடித்துக்கொள்ள அவளுக்கு இன்னொரு கை இல்லை. இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டாமா? லேசாகத் தொட்டால் போதும் என்கிற கண்ணாடி ரகத்துக்காக அலைந்து, ஒரு பெரிய கடையில் கழித்துப்போட்ட பில் மெஷின்களை எடைக்கு எடுத்தவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒன்றைக் கழற்றி வாங்கினேன். அவள் விரல் ஜில்லென்று காய்ந்துபோயிருப்பதால் முதலில் அதுவும் கண்டுகொள்ளவில்லை, ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டேன், உடனே வேலை செய்தது. தண்ணீர் டம்ளர் படத்தைத் தொட்டாள், எனக்குத் தண்ணி வேணும் என்று பெட்டி பேசியது. நான் கைதட்டினேன். அவள் பெட்டியைத் தள்ளிவிட்டாள்.

எனக்குப் புரியவே இல்லை. ஸ்கிரீன் சின்னதாக இருக்கிறது போல, கண்ணுக்குத் தெரியவில்லை போல என்று நினைத்து இன்னொன்று தேடினேன். வெளிச்சம் கூசுகிறதோ என்று அதையும் மாற்றினேன். எடைக்கடைக்காரர் என்னைக் கண்டாலே, சார் வந்துட்டார், மெஷினை எல்லாம் ஒளிச்சு வைங்கப்பா என்று கிண்டல் செய்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை நான் புதிய ஸ்கிரீன் போட்டுக் கொண்டுவரும்போதும் உன் அம்மா இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போனாள். ஸ்கிரீனைத்தான் பார்த்தேனே தவிர அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நேற்றுக் காலையில் வழக்கம்போல மடியில் வைத்தேன். அவள் பெட்டியைத் திருப்பினாள், பின்பக்கம் மூடி போடாமல் விட்டிருந்தேன், இடது கையால் ஸ்பீக்கர் வயர் இரண்டையும் பிடுங்கி எறிந்தாள். பிறகு நிதானமாகப் பெட்டியை நிமிர்த்தி, விரலைத் தன் நாக்கில் நனைத்து, தண்ணீர் படத்தைத் தொட்டாள். படம் பச்சையானது, சத்தம் வரவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்தேன், மடக்மடக்கென்று முழு டம்ளரும் குடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்கிரீனில் ஒரு கோளாறும் இல்லை பாப்பா. எல்லாவற்றையும் நான் என் குரலில் பேசிப் பதிந்திருந்தேன். கால் வலிக்குது, பாத்ரூம் போகணும், போர்வையை எடுங்க, எல்லாம் என்னுடைய கட்டைக் குரலில். இத்தனை வருஷத்தில் தனக்காக இன்னொருத்தர் பேச விட்டவளா அவள்? குரல் போய்விட்டதே என்று துடிக்கிறவள் மடியில் என் குரலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், அதையும் கைதட்டிக்கொண்டு. எனக்கு வேறு யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

அவள் குரல் எங்கேயாவது பதிவாகி இருக்கிறதா என்று என் போன், அவள் போன் இரண்டையும் தலைகீழாகத் தேடிவிட்டேன். எல்லா வீடியோவையும் அவள்தான் எடுத்திருக்கிறாள், இந்தப் பக்கம் பாருங்க என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் குரலின் அச்சாக உன் குரல்தான் இருக்கிறது. நீ இங்கே இருந்தபோது போனை எடுத்தால் மளிகைக்கடைக்காரர் அம்மா என்று நினைத்து உன்னிடம் கணக்குச் சொல்லுவார், உன் அத்தை பாதி வம்பு பேசிய பிறகுதான் உன்னைக் கண்டுபிடிப்பாள், ஏன், நானே எத்தனை தடவை ஏமாந்து உன்னிடம் சமாதானம் பேசியிருக்கிறேன். அதனால் கேட்கிறேன், நீ பேசி அனுப்பு. உடனே அனுப்பு. லீவு கிடைத்து நீ வருகிறவரை பொறுக்க முடியாது, அதற்குள் இவள் ஒரேயடியாக மனசை மூடிக்கொண்டுவிடுவாள். சத்தமில்லாத அறையில், கதவைச் சாத்திவிட்டு, போனிலேயே ஒவ்வொன்றாகப் பேசினால் போதும். பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு செய்கிறவர்கள் மாதிரி வேண்டாம், அம்மாவிடம் பேசுகிற மாதிரியும் வேண்டாம், அம்மா பேசுகிற மாதிரி பேசு. தண்ணீர், வலி, பாத்ரூம், தலையணை இதெல்லாம் இருக்கட்டும். வேண்டாம் என்பதைக் கண்டிப்பாக இரண்டு விதமாகச் சொல்லு, சாதாரணமாக ஒன்று, கோபமாக ஒன்று. என்னங்க என்று அவள் கூப்பிடுவதில் ஏழெட்டு ரகம் உண்டு, உனக்கு ஞாபகம் வருகிற அத்தனையும் வேண்டும். கொஞ்சம் சும்மா இருக்கீங்களா என்பதை மறக்காதே, அது இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் ஓடாது. உனக்கு ஏதாவது சொல்ல அவள் நினைத்தால் அதற்கும் ஸ்கிரீனில் ஒரு கட்டம் விட்டு வைக்கிறேன், என்ன சொல்லுவாள் என்று உனக்குத்தான் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்திருக்க வேண்டும், மனசார வாழ்த்துகிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பேசும்போது உனக்கு அழுகை வரும், எனக்குத் தெரியும். வந்தால் அதை அழித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பேசு. அவள் தன் குரலைத் திரும்பக் கேட்கும்போது அது அழுதுகொண்டிருக்கக் கூடாது.

உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும்
அப்பா