பாஸ்வேர்டு மறந்தால்

மயூர் விஹார்
14.11.2006

அன்புள்ள உங்களுக்கு,

டிபன் பாக்ஸில் சப்பாத்திக்கு அடியில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். இதை ஈமெயிலில் எழுத முடியாது.

உங்கள் அலுவலக டெண்டர்களில் நடக்கும் ஊழலைப் பற்றி, எங்கள் கம்பெனி நடத்தும் வலைப்பதிவுத் தளத்தில் ஒருவர் புனைபெயரில் எழுதிவருகிறார். அவர் யார் என்று கேட்டு நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. கோர்ட் உத்தரவு இல்லாமல் தர முடியாது என்றேன்.

"எவனோ ஒருத்தனுக்காக ஏம்மா மல்லுக்கு நிக்கற? உன் வீட்டுக்காரரா?" என்றார் மேலாளர் சந்திரமௌலி.

"யாரா இருந்தாலும் இதேதான் சார்."

மறுத்தபின், கோர்ட் கேட்டால் கொடுப்பதற்காக அந்த ஆளின் விவரத்தை அச்செடுத்து, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைப்பது என் வேலை. அப்போதுதான் பார்த்தேன். பெயர் பொய், முகவரி பொய். பாஸ்வேர்டு மறந்தால் கேட்கும் கேள்வி: மனைவியின் செல்லப்பெயர்? பதில்: மொச்சை.

தில்லியில் வேறொரு மொச்சை இருக்க முடியாது. அரக்கு என் விரலிலும் கொட்டிவிட்டது. காலையில் கொப்புளத்தைப் பார்த்து, "ரசம் கொட்டிடுச்சா?" என்றீர்கள். ஆமாம் என்றேன்.

நேராகக் கேட்டால் நீங்களும் இல்லை என்பீர்கள். உங்களைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனமில்லை. நீங்களாகக் காட்டும்வரை அந்தப் பதிவுகளைப் படிக்கவும் மாட்டேன். உங்கள் வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

கோர்ட் உத்தரவு வந்தால் உறையைப் பிரிப்பார்கள். அந்தச் செல்லப்பெயர் யாருடையது என்று அன்று யாருக்கும் தெரியக் கூடாது. சனிக்கிழமை எங்கள் ஆபீஸ் பிக்னிக்கில் எல்லோர் முன்னாலும் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழையபடி கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கேள்விக்குப் பதிலானவள்