அப்பா உட்கார ஓர் இடம்

அன்பு மகள் ஸ்வென்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய புது இடுப்பு மூட்டும் நலம். அங்கே வெல்லிங்டன் காற்றில் பறந்துபோகாமல் நீயும் நலம்தானா என்று உன் கையால் நாலு வரி எழுதிப் போடு. போனில் எதைக் கேட்டாலும் "சூப்பர்மா" என்கிறாய், அதை வைத்து நான் என்ன தெரிந்துகொள்ள?

எனக்கு ஒரு வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. மார்ச் பிறக்கப் போகிறது. நம் பைக்கின் நம்பர் பலகையில் மார்ச் முதல் அக்டோபர் வரை என்று போட்டிருப்பது உனக்குத் தெரியும், மற்ற மாதங்களில் ரோட்டில் இறக்கக் கூடாது, குளிர்காலம் முழுக்க அந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டு கிடப்பேன். இந்த வருஷம் நாள் நெருங்க நெருங்க, மார்ச் வராமலே இருக்கட்டும் என்று இருக்கிறது. தெருவில் கார்னிவல் திருவிழா மேளத்தில் காது கிழிகிறது, நான் கராஜுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நேற்று பிளம்ஸ் கேக்கைக் கருக்கிவிட்டேன். ஆயுள் முழுக்க பேக்கரியில் ரொட்டி சுட்ட உன் அப்பா அதை வாயில் போட்டுக்கொண்டு நல்லாயிருக்கு என்றார், அதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

விஷயம் இதுதான். லைசென்ஸ் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்ட பிறகு எனக்குப் பின்சீட்டே போதும் என்று ஏறி உட்கார்ந்தவர் உன் அப்பா. நான் ஓட்டுவேன், அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். எதிரே பைக்கில் வருகிறவர்கள் இடது கையைத் தாழ்த்தி வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் அவருடைய வேலை, ஏனென்றால் நான் கைப்பிடியை விடமாட்டேன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குக் காலை அந்த உயரத்துக்குத் தூக்க வரவில்லை. எனக்குத் தெரியாமல் தினமும் கராஜில் முக்காலி போட்டு ஏறிப் பழகியிருக்கிறார். ஒருநாள் முக்காலி உருளும் சத்தம் கேட்டு ஓடினால் தரையில் உட்கார்ந்திருக்கிறார், சும்மா டயரைப் பார்த்தேன் என்கிறார். அப்புறம்தான் அந்தப் பேச்சைப் பேசினார். "ரோஸி, இனி நீ தனியாப் போய்ட்டு வா. நான் வீட்ல சூப் வச்சிருக்கேன். பின்னாடி சுமை இல்லாம ஜாலியா ஓட்டலாம்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கதவை அறைந்து சாத்திவிட்டுத் துணி துவைக்கும் அறையில் போய் அழுதேன். அவர் இல்லாமல் எங்கே போவேன் நான், போய் யாரிடம் அந்த மேட்டைப் பார், அந்த ஆட்டைப் பார் என்பேன்?

நீ சொன்னபடி இதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று ஆஹென் நகரத்துக் கடை வரைக்கும் போய்ப் பார்த்தோம். தாழ்வான, அகலமான வண்டி, பின்னால் சாய்ந்துகொள்ள மெத்தை. கடைப் பையன் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை, "சார், உங்க உயரத்துக்குக் கச்சிதமா இருக்கும், மேடம் பின்னாடி சொகுசா வரலாம்" என்று அப்பாவிடம் அளந்தான். அப்பா முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு "தம்பி, நான் வெறும் லக்கேஜ், ஓட்டுறவங்க அவங்க" என்றார். அவர் எளிதாக ஏறிவிட்டார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு அது சோபாவுக்கு எஞ்சின் மாட்டியது மாதிரி இருந்தது. ஓட்டிப் பார்த்துத் திரும்பியதும் சாவியைக் கடைப் பையன் கையில் வைத்துவிட்டேன். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

மிச்சம் இருப்பது ஒரே வழி, இருக்கிற பைக்கிலேயே வலப்பக்கம் சைட்கார் பூட்டுவது, ஒற்றைச் சக்கரத்தோடு ஆள் உட்காரும் தொட்டி. முன்பு என்னோடு தபால் பட்டுவாடா வேலை பார்த்த நார்பெர்ட் இப்போது அந்த வேலைதான் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், அவனுடைய சைட்கார் வண்டிக்கு வருஷம் முழுக்க ஓட அனுமதி உண்டு, ஓட்டிப் பார் என்று கொடுத்தான். அப்பா தொட்டிக்குள் உட்கார்ந்ததும், "இங்கேருந்து நான் கையைத் தாழ்த்தினா எதிர்ல, இடப்பக்கமா வர்றவனுக்கு எப்படித் தெரியும்? நடுவுல நீல்ல இருக்க!" என்று புலம்பினார். முதலில் அவன் பட்டறைக்குப் பக்கத்து வயலில் கிளப்பினேன். முதல் வலது திருப்பத்தில் பழக்க தோஷத்தில் உடம்பைச் சாய்த்தேன், வண்டியோ தன் பாட்டுக்கு நேரே போய் வைக்கோல் உருளையில் முட்டி நின்றது. அப்பா தலையெல்லாம் வைக்கோல். நார்பெர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "பைக் நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்கதான் இங்க வந்து முட்டுவாங்க. நீ சாயாத, கையால திருப்பு. சாய வேண்டியது தொட்டியில இருக்கிற ஏவால்ட். வலது பக்கம் திரும்பும்போது அவர் தொட்டிக்கு வெளியே வலப்பக்கமா சாஞ்சாத்தான் அந்தச் சக்கரம் தரையில நிக்கும். ஆள் இல்லாட்டி மணல் மூட்டை வச்சுத்தான் ஓட்டணும்" என்றான். அப்பா வைக்கோலைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். "அப்போ சுமை வேணும்கிற?" என்று அவனிடம் கேட்டார், ஆனால் பார்த்தது என்னை.

அப்புறம் சாலையில் போனோம். திருப்பத்துக்குத் திருப்பம் அவர் சாய்ந்த சாய்ப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீ, ஏதோ பந்தயம் மாதிரி. எதிரே ஒரு பைக் வந்தது. அப்பா கையைத் தூக்கிவிட்டு, தெரியாது என்று நினைவு வந்து மடியில் வைத்துக்கொண்டார். நான் என் இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துத் தாழ்த்தினேன். முதல் தடவை, ஸ்வென்யா. அந்த ஆளும் பதிலுக்குத் தாழ்த்தினான். "ஏய், ஒழுங்கா ரெண்டு கையாலயும் பிடி!" என்று அப்பா கத்தினார்.

ஆக, நம் பைக்கை நார்பெர்ட்டிடம் விடுவது என்று முடிவு. பைக்கின் இரும்புச் சட்டத்தில் தொட்டியைப் பற்றவைத்து, சோதனை அதிகாரி பார்த்து வண்டிப் பத்திரத்தில் எழுதிவிட்டால் நம் வண்டி இனி சாயவே சாயாது. அணைக்கட்டுச் சாலை வளைவுகளில் முழங்கால் தரையைத் தொடுகிற மாதிரி இறங்குவேனே, அது போயிற்று. அது எனக்குப் பெரிய நஷ்டம்தான், உன்னிடம் மறைக்கவில்லை. பின்னால் அவர் இல்லாமல் முதுகிலும் இனிக் குளிரடிக்கும். இருந்தாலும் சரி என்றுவிட்டேன். ஈஸ்டருக்குள் தயாராகிவிடுமாம், மார்ச்சில் ஓட்ட முடியாது, அதுவரை இவளை யார் சமாளிப்பது என்று அப்பா கேட்கிறார்.

நீ சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் போகாதே. உங்கள் ஊரில் இடப்பக்கம் போக வேண்டும், இங்கே வந்து போன ஞாபகத்தில் மாறிவிடாதே. மரியன்னை உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், நினைத்ததெல்லாம் கூடிவரட்டும். பதில் எழுத மறக்காதே.

உன் அன்பு அம்மா,
ரோஸ்வித்தா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் நார்பெர்ட் வந்து ஒரு மணல் மூட்டையை இறக்கிவிட்டுப் போனான், ஏவால்ட் வராத நாளைக்கு ஆகும் என்று. திரும்பவும் பனி உறைந்து கராஜ் படியெல்லாம் வழுக்குகிறது. மூட்டையைப் பிரித்து, அப்பா கால் வைக்கிற இடமெல்லாம் தூவிவிட்டேன். மூட்டை காலி.